காத்தாடியைக் கழற்றத் தெரிந்த பட்டறை: தூத்துக்குடி அனுபவம்

ஏப்ரல் 15 ஆனால் போதும், தூத்துக்குடியில் எல்லாப் போட்டும் ஒரே நேரத்தில் கரையேறும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதற்குள் பலகை மாற்ற வேண்டும், கலப்பத்து அடித்துப் பலகை இடுக்குகளை அடைக்க வேண்டும், பெயிண்ட், இன்ஜின் என்று எல்லாம் முடித்து, கையில் காசு தீர்ந்த பிறகுதான் நமக்குக் காத்தாடி, அதாவது போட்டைத் தள்ளுகிற புரொப்பல்லர், ஞாபகம் வரும். அதற்குள் பட்டறை வாசலில் நாற்பது புரொப்பல்லர் வரிசையில் கிடக்கும். நானும் ஒவ்வொரு வருஷமும் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிற ஆள்தான். இந்த வருஷம் மட்டும் முதல் வாரமே போனேன், காரணம் பயம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு இடத்தில் (எங்கே என்று கேட்காதீர்கள்) புரொப்பல்லரைக் கொடுத்து, "கொஞ்சம் பிச் ஏத்திக் கொடுங்க, வேகம் பத்தல" என்று சொன்னது நான்தான். எங்கள் ஊர் விசைப்படகுக்கெல்லாம் ஒரு நாள் தொழில்தான், விடிகாலை 5 மணிக்குப் போனால் இரவு 9 மணிக்குள் கரை. போகிற நேரம் வருகிற நேரம் எல்லாம் மடி (இழுவை வலை) இழுக்கிற நேரத்திலிருந்து கழிகிறது. அதனால் வேகப் பைத்தியம் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. அவர்களும் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காமல் ஏற்றிக் கொடுத்தார்கள். விளைவு, 120 எச்.பி இன்ஜின், கம்பெனிக் கணக்குப்படி நிமிஷத்துக்கு 1800 சுற்று ஓட வேண்டியது, முழு ஆக்சிலேட்டரில் 1620ஐத் தாண்டவில்லை. புகை கறுப்பு. மடியை விட்டு இழுக்கும்போது இன்ஜின் முக்குகிற சத்தம் கேட்டால் நமக்கே நெஞ்சு வலிக்கும். கூடவே பின்பக்கம் ஒரு நடுக்கம், தட்டில் வைத்த டீ கிளாஸ் தானாக நகரும். ஷாஃப்ட் ஓரமாகத் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கிற கிளாண்ட் பேக்கிங்கை மாசம் ஒருதரம் மாற்றினேன். வேகம் கூடியதா என்றால் இல்லை, அரை நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) குறைந்தது.

பிச் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. திருகாணி மரத்தில் ஒரு சுற்று சுற்றினால் எவ்வளவு உள்ளே இறங்குமோ, அதுபோலக் காத்தாடி ஒரு சுற்றுக்கு வழுக்காமல் எவ்வளவு முன்னேறும் என்பதுதான் பிச். தண்ணீர் மரம் இல்லை, வழுக்கும். அதனால் கணக்கில் வருவதை விட ஓடுவது எப்போதும் குறைவாகவே இருக்கும். எங்கள் காத்தாடியின் குடத்தில், அதாவது இறக்கைகள் சேருகிற நடுப்பகுதியில், 38 x 26 என்று குத்தியிருக்கிறது. முதல் எண் குறுக்களவு, அடுத்தது பிச், இரண்டும் அங்குலத்தில். கியர் பெட்டி மூன்றுக்கு ஒன்று, அதாவது இன்ஜின் 1800 ஓடினால் ஷாஃப்ட் 600. பிச் ஏற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் அதிகத் தண்ணீரைத் தள்ளச் சொல்கிறோம். இன்ஜினுக்கு அந்தச் சக்தி இருந்தால் சரி. இல்லாவிட்டால் மேட்டில் நாலாவது கியரில் லாரி ஏற்றுகிற கதைதான்.

சரி, பட்டறைக்கு வருகிறேன். மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது, வெளியே போர்டு கூடக் கிடையாது, தகரக் கொட்டகை, வாசலில் துருப்பிடித்த ஷாஃப்ட் துண்டுகள். பேர் போட வேண்டாம் என்று பட்டறைக்கார அண்ணாச்சியே சொல்லிவிட்டார், இருக்கிற கூட்டமே போதுமாம். எங்கள் டிரைவர் அண்ணன்தான் கூட்டிப் போனார். போனதும் நான் பழைய பழக்கத்தில், "அண்ணாச்சி, ரெண்டு இஞ்ச் எறக்கிக் கொடுத்துருங்க" என்றேன். அவர் என்னைப் பார்க்காமலே டிரைவரிடம், "ஏத்தணுமா எறக்கணுமான்னு அளந்த பொறவு பேசுவோம்" என்றார். பிறகு கேள்விகள். இன்ஜின் எத்தனை எச்.பி, கியர் விகிதம் என்ன, காலியாக ஓடும்போது அதிகபட்சம் எத்தனை சுற்று, மடி இழுக்கும்போது எத்தனை, புகை எந்தச் சுற்றில் கறுக்க ஆரம்பிக்கிறது, அடிப்பலகையில் கொட்டலசு (ஒட்டி வளர்கிற சிப்பி வகை) எவ்வளவு பிடித்திருந்தது. கடைசிக் கேள்வி முக்கியம். அடி அசுத்தமாக இருந்தாலும் இன்ஜின் சுற்று விழும், அதற்குக் காத்தாடியைக் குற்றம் சொல்லிப் பிச் அளவை மாற்றினால், அடியைச் சுத்தம் செய்த பிறகு கணக்கு எதிர்ப்பக்கம் தப்பும். இதையெல்லாம் பழைய இடத்தில் யாரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

இப்போது கழற்றுகிற விஷயம். இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். காத்தாடி ஷாஃப்டின் டேப்பரில், அதாவது கூம்பாகச் செதுக்கிய முனையில், இறுகி உட்கார்ந்திருக்கும். நட் அதை இறுக்கிப் பிடிக்கிறது, ஆனால் இரண்டு மூன்று வருஷம் உப்புத் தண்ணீரில் கிடந்தால் நட்டை எடுத்த பிறகும் அது அசையாது. போன தடவை என்ன செய்தார்கள் என்றால், குடத்துக்கும் பின் பேரிங்குக்கும் நடுவில் இரண்டு இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். வரவில்லை. கேஸ் விளக்கை ஒரே பக்கத்தில் காட்டிக் குடத்தைச் சிவக்க வைத்தார்கள். அப்போதும் வரவில்லை, ஆனால் ஷாஃப்ட் வழியாகச் சூடு ஏறி, ஷாஃப்ட் வெளியே வருகிற குழாயான ஸ்டெர்ன் டியூபின் ரப்பர் பேரிங் உருகி நாற்றம் வந்தது. அந்த பேரிங் தண்ணீரிலேயே வழுக்கி ஓடுகிற சாதனம், ரப்பர் போனால் முடிந்தது. ஒரு வழியாகக் காத்தாடி வந்தபோது குடத்தின் முன் ஓரம் காளான் மாதிரி நசுங்கியிருந்தது. எங்களிடம் இருந்த இன்னொரு உபரிக் காத்தாடியை அதே ஆட்கள் இதே மாதிரி கழற்றித்தான் குடத்தில் விரிசல் விழ வைத்தார்கள், அது இன்றும் வீட்டு வாசலில் கிடக்கிறது.

அண்ணாச்சி முந்தின நாள் சாயங்காலமே பையனை அனுப்பினார். கம்பி பிரஷ்ஷால் டேப்பரின் இரண்டு முனையையும் சுரண்டி, துரு இளக்கும் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனான். அவ்வளவுதான் அன்றைய வேலை. மறுநாள் காலையில் வந்து ஸ்பிளிட் பின்னை எடுத்து, லாக் நட்டைக் கழற்றி, பெரிய நட்டை மட்டும் முழுக்க எடுக்காமல் இரண்டு மரை அளவுக்குத் தளர்த்தி அப்படியே விட்டார். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். "எடுத்தா அது போற வேகத்துல உம்ம காலும் போகும்" என்றார். எண்பது கிலோவுக்கு மேல் இருக்கும் வெண்கலம், டேப்பரிலிருந்து விடுபடும்போது மெதுவாக வராது, துள்ளி வரும். நட் அங்கே இருந்தால் அரை அங்குலம் துள்ளி அதில் முட்டி நிற்கும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாராவது படித்துவிட்டு ஞாபகம் வைத்தால் போதும்.

அப்புறம் புல்லர். கடையில் விற்கிற மூன்று கால் புல்லர் இல்லை, அவரே லேத்தில் கடைந்து வைத்திருக்கிற தடித்த தகடு இரண்டு. ஒன்று குடத்துக்கு முன்னால் ஷாஃப்டைச் சுற்றிப் பிளவு வழியாக நுழையும், இன்னொன்று ஷாஃப்ட் முனையில் உட்காரும், இரண்டையும் மூன்று நீள போல்ட் இணைக்கும். மூன்று இறக்கைக்கு நடுவே மூன்று இடைவெளி, அதில் மூன்று போல்ட். இறக்கையில் எதுவும் படாது. போல்டை ஒவ்வொன்றாகக் கால் சுற்று, கால் சுற்று என்று வட்டமாக இறுக்கிக்கொண்டே வந்தார், ஒரு பக்கம் மட்டும் முந்தினால் குடம் சாய்ந்து இன்னும் இறுகும். நல்ல இறுக்கம் வந்ததும் செம்புச் சுத்தியலால் குடத்தின் பக்கவாட்டில் இரண்டு தட்டு. ஒன்றும் ஆகவில்லை. உடனே அடுத்த சம்மட்டியைத் தூக்கவில்லை, "டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். உண்மையிலேயே டீ குடித்தோம். வந்து இன்னொரு கால் சுற்று இறுக்கி ஒரு தட்டுத் தட்டியதும் "டப்" என்று ஒரு சத்தம், துப்பாக்கி மாதிரி, அவ்வளவுதான். செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, கீழே பலகை போட்டு இறக்கினார்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரம், அதில் டீக்கு இருபது நிமிஷம். நெருப்பு தேவையே படவில்லை. தேவைப்பட்டாலும் குடத்தைச் சுற்றிலும் ஒரே சீராக மிதமாகச் சூடு காட்ட வேண்டுமாம், அதுவும் பேரிங்குக்கு ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டு.

அளப்பதற்கு அடுத்த நாள் வரச் சொன்னார். இதைப் பார்க்க நான் வேலையை விட்டுவிட்டுப் போனேன், வீண் போகவில்லை. காத்தாடியைச் சம தளத்தில் படுக்க வைத்து, குடத்தின் நடுவே ஒரு தண்டை நிறுத்தி, அதில் சுற்றுகிற ஒரு கை. கையில் அளவுக்கோல் மேலும் கீழும் இறங்கும். மையத்திலிருந்து சுமார் 13 அங்குலம் தள்ளி இறக்கையின் மேல் ஓர் இடத்தைத் தொட்டு அளவு எழுதுகிறார், கையை 30 டிகிரி சுற்றி மறுபடி தொட்டு எழுதுகிறார். இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவோ அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் பிச். ஒரு வட்டத்துக்கு 360 டிகிரி, அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு 30, கணக்கு அவ்வளவுதான். முதல் இறக்கை 2.25 அங்குலம் இறங்கியது, 27. இரண்டாவது 29. மூன்றாவது இரண்டரைக்கும் கொஞ்சம் மேலே, 30.5. குத்தியிருந்த 26 எங்கேயும் இல்லை! மூன்று இறக்கையும் மூன்று விதமாகத் தண்ணீரைத் தள்ளினால் ஷாஃப்ட் நடுங்காமல் என்ன செய்யும். "என்னா அடி அடிச்சிருக்கானுவ" என்று சொல்லி இறக்கையின் முதுகில் இருந்த சுத்தியல் தழும்புகளை விரலால் தடவிக் காட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. அடிக்கச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை.

ஒரே இடத்தில் அளந்து விடுவதில்லை, குடத்துக்குப் பக்கம், நடு, நுனி என்று மூன்று நாலு வட்டத்தில் அளந்தார். புரொப்பல்லர்களுக்கு ஐ.எஸ்.ஓ 484 என்று ஒரு தரம் இருக்கிறது, பிச் எவ்வளவு பிசகலாம் என்று எஸ், 1, 2, 3 என வகுப்பு பிரித்து வைத்திருக்கிறார்கள். நம்ம சைஸ் காத்தாடியும் அதில் அடங்கும். அண்ணாச்சியிடம் எந்த வகுப்பு என்று கேட்டேன், "கால் இஞ்சுக்குள்ள வரும், வேற வகுப்பு நமக்குத் தெரியாது" என்றார். கால் அங்குலத்துக்குள் வந்தது.

சரி செய்கிற வேலையை முழுக்கப் பார்க்கவில்லை, நாலு நாள் ஆகும் என்றார். பார்த்தவரை: அச்சு மாதிரி ஒரு கட்டையின் மேல் இறக்கையை வைத்து, சீராகச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, ஆறவிட்டு, மறுபடி அளந்து. முன் விளிம்பில் கல்லில் உரசிய பல்லுகள் இருந்தன, அவற்றை வெல்டிங் வைத்து இழைத்தார். அந்தப் பல்லுகளுக்குப் பின்னால்தான் தண்ணீரில் குமிழி கிளம்பி, வெடித்து, உலோகத்தை அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாகத் தின்னும். எங்கள் மூன்றாவது இறக்கையில் அந்தத் தழும்பு இருந்தது. அதோடு ஓர் ஓரத்தில் உலோகம் செம்பு மாதிரி இளஞ்சிவப்பாக மாறியிருந்ததைக் காட்டி, ஜிங்க் கட்டி எப்போது மாற்றினீர்கள் என்றார். வெண்கலம் என்று நாம் சொல்லும் காத்தாடிகளில் பல மாங்கனீசு கலந்த பித்தளை வகைதான், அதில் துத்தநாகம் உண்டு. கடல் தண்ணீர் அந்தத் துத்தநாகத்தை உருவி எடுத்துவிட்டால் மிஞ்சுவது உளுத்துப்போன செம்பு. நம்மை விட்டுவிட்டு அதைத் தின்னட்டும் என்றுதான் ஜிங்க் கட்டி மாட்டுகிறோம். நான் அதற்கு மேலேயே பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன். பெயிண்ட் அடித்தால் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

பேலன்ஸ் பார்க்கிற விதம் எளிது. குடத்தில் தண்டைச் செருகி இரண்டு கத்தி முனைத் தாங்கிகளில் வைத்துவிட்டால், கனமான இறக்கை தானாகக் கீழே வரும். வந்த இறக்கையை முதுகுப் பக்கம் பரவலாக இழைத்து, எந்த இடத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை செய்தார். விளிம்பை மட்டும் வெட்டி எடை குறைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அப்படிச் செய்தால் நின்ற இடத்தில் நிற்கும், ஓடும்போது நிற்காது.

திரும்ப மாட்டும்போது டேப்பரில் நீல மை தடவிக் காத்தாடியை வெறுமனே உட்கார வைத்து எடுத்துப் பார்த்தார், மை எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று. முக்கால்வாசிக்கு மேல் சீராக ஒட்ட வேண்டும். எங்களுடையதில் முன் ஓரம் காளானானது தடுத்தது, அதை ராவி எடுத்தபின் சரியானது. கீ (காத்தாடி ஷாஃப்டில் தனியாகச் சுற்றாமல் பிடிக்கிற உலோகக் கட்டை) போடாமல் எதுவரை ஏறுகிறது என்று ஷாஃப்டில் கோடு போட்டுக்கொண்டு, கீ போட்டபிறகும் அதே கோட்டுக்கு வருகிறதா என்று பார்த்தார். வராவிட்டால் காத்தாடி கீயின் முதுகில் சவாரி செய்கிறது என்று அர்த்தம், குடம் பிளப்பது பெரும்பாலும் அங்கேதான். லாக் நட்டில் மெல்லியது முதலில், தடித்தது வெளியே. எங்கள் டிரைவர் அண்ணன் காலமெல்லாம் எதிர்மாறாகப் போட்டவர், அரை மணி நேரம் வாதம் பண்ணினார். வெளி நட்டை இறுக்கும்போது சுமை அதற்குத்தான் மாறுகிறது, அதனால் தடித்தது வெளியே என்று அண்ணாச்சி சொன்னதை இன்னும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜூன் நடுவில் இறக்கினோம். இறக்கிய அன்றே கப்ளிங்கை, அதாவது கியர் பெட்டியையும் ஷாஃப்டையும் இணைக்கிற மூட்டை, பூட்டக் கூடாதென்று சொல்லியிருந்தார், மரப் போட்டு தண்ணீரில் ஒரு நாள் ஊறி உருவம் எடுத்தபிறகு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) வைத்துப் பார்த்துத்தான் பூட்ட வேண்டும் என்று. கரையில் நேராக இருந்தது தண்ணீரில் நேராக இராது. செய்தோம். முதல் ஓட்டத்தில் 1780 சுற்று. கறுப்புப் புகை நின்றுவிட்டது. டீ கிளாஸ் நகரவில்லை, டிரைவர் அண்ணன் வேண்டுமென்றே விளிம்பில் வைத்துப் பார்த்தார். காலியாக எட்டு நாட் வேகத்துக்கு மேல் வந்தது. மடி இழுக்கும்போது மூன்று நாட் வேகத்துக்குக் கீழேதான் எல்லாரும் ஓடுவோம், அங்கே இன்ஜின் முக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். டீசல் ஒரு நாளைக்கு இருபது லிட்டர் வாக்கில் மிச்சம் தெரிகிறது. ஆனால் அடியையும் புதுசாகச் சுரண்டிப் பெயிண்ட் அடித்திருக்கிறோம், அதனால் முழுப் பெருமையையும் காத்தாடிக்குக் கொடுக்க முடியாது. இன்னொன்று, காத்தாடி உறிஞ்சும் சக்தி சுற்றின் மும்மடிக் கணக்கில் ஏறுகிறது, 1780ஐ 1600ஆகக் குறைத்து ஓடினால் மணிக்குக் கால்வாசி டீசல் குறையும். இதைச் சொன்னால் டிரைவர் அண்ணன் கரை சேர வேண்டிய இரவு ஒன்பது மணியைக் காட்டுகிறார்.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்குக் கொடுக்கவில்லை, நாலு நாள் என்றது ஒன்பது நாள் ஆனது, மூன்று முறை போய்த் திரும்பினேன். போனை எடுக்கவே மாட்டார். அளந்த கணக்கையெல்லாம் சுவரில் சாக்பீஸால் எழுதுகிறார். நான் போட்டோ எடுக்காமல் விட்டிருந்தால் அடுத்த வருஷம் எதோடு ஒப்பிடுவது? கேட்டால்தான் பில். எடை பார்த்துச் சமன் செய்வதோடு சரி, ஓடவிட்டுச் சமன் பார்க்கிற மிஷின் கிடையாது. எங்கள் மாதிரி 600 சுற்று ஷாஃப்டுக்கு அது போதும், வேகமான போட்டுக்குப் போதாது. கூலி மொத்தம் 14,500 ஆனது, கழற்ற, மாட்ட, பிச், வெல்டிங் எல்லாம் சேர்த்து. பழைய இடத்தை விட ஐயாயிரம் அதிகம். ஆனால் பழைய இடத்துக்கு அப்புறம் பேரிங்குக்கும் பேக்கிங்குக்கும் கொடுத்ததைக் கூட்டினால் எது மலிவு என்று என் மனைவியே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டாள்.

சின்ன அவுட்போர்டு (போட்டின் பின்னால் வெளியே மாட்டுகிற இன்ஜின்) காத்தாடிகளை அண்ணாச்சி தொடுவதில்லை. என் மைத்துனர் ஃபைபர் போட்டுக்கு ஒன்று கொண்டுபோய்த் திட்டு வாங்கி வந்தார். அது வீட்டிலேயே செய்கிற வேலைதான்: இறக்கைக்கும் மேல் தட்டுக்கும் நடுவில் மரக்கட்டை வைத்து, பின்னை உருவி, நட்டைத் திருகினால் கையோடு வரும். மைத்துனர் பிரச்சினை வேறு, இன்ஜின் அலறும், போட்டு நகராது. குடத்துக்குள் இருக்கிற ரப்பர் வழுக்குகிறது, பிச்சில் ஒன்றுமில்லை. கழற்றியபோது வாஷருக்குப் பின்னால் நரம்பு நூல் ஒரு பந்து சுற்றியிருந்தது. அதையும் சேர்த்து எடுத்துவிடுங்கள், விட்டால் ஆயில் சீல் அறுபட்டு கியர் எண்ணெயில் தண்ணீர் புகும்.

போகிறவர்கள் மார்ச்சிலேயே போய்ப் பேசி வைத்துவிடுங்கள், சுற்று எத்தனை ஓடுகிறது என்று காலியிலும் இழுவையிலும் குறித்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார். வாசலில் கிடந்த விரிசல் காத்தாடியையும் அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன், வெல்டிங் வைத்துத் தர முடியுமா என்று. ஒரு தடவை சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டார். கணீர் என்று வரவில்லை. "உருக்கத்தான் ஆகும், கிலோ கணக்குல போட்டுட்டுப் போறீங்களா?" என்றார். அப்பா வாங்கிய காத்தாடி. திரும்ப ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன்.